ஞாயிற்றுக்கிழமை விமான வாத்தியார்

பெங்களூர் ஜக்கூர் மைதானத்தின் மேலே சிறு விமானங்கள் வட்டமிடுவதை அங்குள்ள தமிழர்கள் பலர் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அமெரிக்காவில் இத்தகைய குட்டி விமானத்தை ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், வார நாட்களில் பள்ளி ஆசிரியராகவோ கணக்கராகவோ இருந்தால் ஆச்சரியமில்லை. விடுமுறை நாட்களில் மட்டும் அவர் விமான வாத்தியார்!

இதற்கு வழி திறந்தது 2004-ம் ஆண்டு. அமெரிக்க அரசு அப்போது 'ஸ்போர்ட் பைலட்' என்ற லைசென்ஸைக் கொண்டு வந்தது. இரண்டே ஆசனங்கள், கிளம்பும்போது சுமார் 600 கிலோ எடை என்று விமானத்துக்கு வரம்பு இருந்தது. 2025-ல் இது தளர்த்தப்பட்டு, சற்றுப் பெரிய விமானங்களுக்கும் அனுமதி கிடைத்தது. குறைந்தது 20 மணி நேரம் பறந்து, தேர்வுகளில் தேறினால் போதும்.

கற்றுக்கொடுக்க என்ன தகுதி?

வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். 150 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தாமே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். விமான அறிவில் ஓர் எழுத்துத் தேர்வு, பாடம் நடத்தும் முறையில் இன்னொன்று. 7-ம் வகுப்போ அதற்கு மேலோ கற்பிக்கச் சான்றிதழ் பெற்ற பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டாவது தேர்வு கிடையாது.

அடுத்தது 'ஸ்பின்' பயிற்சி. வேகம் குறைந்து, விமானம் சுழன்றுகொண்டே கீழே இறங்கும் நிலை இது. அதில் புகுந்து மீளவும், மாணவன் அதில் சிக்காமல் தடுக்கவும் பழக வேண்டும். இலகு ரக விமானங்கள் பலவற்றில் ஸ்பின் செய்ய அனுமதியில்லை. எனவே வேறு விமானம் தேட வேண்டியிருக்கும்.

இத்தனை நாள் இடது ஆசனத்திலிருந்து ஓட்டியவர், இனி வலது ஆசனத்தில் அமர்ந்து இறக்கப் பழக வேண்டும். மாணவன் தவறு செய்யும்போது உடனே பிடுங்காமலும், தாமதிக்காமலும் கை வைப்பதுதான் கடினமான பாடம்.

சம்பாத்தியம் பெரும்பாலும் மணிக்கணக்கில்தான். காற்றும் மழையும் வந்தால் அன்று வருமானமில்லை. எனவே பலர் பழைய வேலையை விடுவதில்லை.

பகுதி நேர வேலை என்றாலும் பொறுப்பு முழு நேரம். மாணவன் தனியே பறக்க, வாத்தியார் கையெழுத்திட்டே ஆக வேண்டும். அன்று அவர் இறங்கிக்கொள்கிறார். ஒருவர் எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிட விரைவாக மேலேறுகிறது. அது திரும்பித் தரையைத் தொடும் வரை, ஓடுபாதை ஓரத்தில் நிற்பவருக்குத்தான் உண்மையான பரீட்சை.