ஈன்ற பசு தீனி மறுப்பது ஏன்?



1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. அதன்பின் ஆவடி, பூந்தமல்லிப் பக்கமெல்லாம் வயல் சுருங்கி வீடு பெருகிவிட்டது. ஆனாலும் ஒன்றிரண்டு கலப்பினப் பசுக்களை வைத்துக்கொண்டு, வைக்கோலையும் தவிட்டையும் நம்பிக் காலம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த உரை.

கன்று போட்டு மூன்று வாரம். 10 லிட்டர் கறந்த மாடு 6 லிட்டருக்கு இறங்கிவிட்டது. தவிடு, புண்ணாக்கை மோந்துவிட்டு முகத்தைத் திருப்புகிறது. வைக்கோலை மட்டும் கடிக்கிறது. காய்ச்சல் இல்லை. சாணம் கெட்டியாகப் போகிறது. "கண்ணு பட்டுடுச்சு" என்று உப்பு சுற்றிப் போடுவோம். அதற்கு முன் மாட்டின் மூச்சை மோந்து பாருங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல இனிப்பான நெடி அடித்தால், அது கீட்டோசிஸ் நோயாக இருக்கலாம்.

பாலில் ஏறக்குறைய 100-க்கு 5 பங்கு சர்க்கரை. 10 லிட்டர் கறந்தால் தினமும் அரை கிலோ சர்க்கரை உடம்பைவிட்டுப் போகிறது. நாம் தின்னும் சோறு குளுக்கோசாகி ரத்தத்தில் சேரும். மாட்டுக்கு அப்படியல்ல. பெருவயிற்று நுண்ணுயிர்கள் தீனியைப் புளிக்கவைத்து அமிலங்களாக்கும். அவற்றுள் முக்கியமாகப் புரோப்பியானிக் அமிலத்தைக் கொண்டே கல்லீரல் குளுக்கோஸ் தயாரிக்கிறது.

ஈன்ற புதிதில் பால் ஏறும் வேகத்துக்குத் தீனி ஏறாது. மாடு தன் கொழுப்பைக் கரைத்து ஈடுகட்டும். கல்லீரலுக்கு வந்து குவியும் கொழுப்பு முழுதும் எரிய முடியாமல், ஈர விறகு புகைவதுபோல, கீட்டோன்களாகிறது. கொஞ்சம் கீட்டோன் கெடுதலில்லை. தசையும் இதயமும் அதை எரித்துக்கொள்ளும். பட்டினி கிடக்கும் மனிதனும் இப்படித்தான் பிழைக்கிறான். மிஞ்சினாலோ பசி அடங்கும், தீனி குறையும், கொழுப்பு இன்னும் கரையும்.

வெல்லம் கரைத்து ஊற்றினால் போதாதா? போதாது. பெருவயிற்று நுண்ணுயிர்களே அதைத் தின்றுவிடும். அளவு மிஞ்சினால் வயிறு புளித்து வேறு வம்பு வரும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ரோத்தரா சோதனையில் சிறுநீர் ஊதா நிறமானால் கீட்டோன் உண்டு. அவர் குளுக்கோஸ் ஏற்றுவார். புரோப்பிலீன் கிளைக்கால் புகட்டச் சொல்வார்.

வராமல் தடுப்பது நம் கையில். சினைமாட்டை அளவுமீறிக் கொழுக்க விடாதீர்கள். ஈனுவதற்கு 2, 3 வாரம் முன்பே கலப்புத் தீவனம் பழக்குங்கள். ஈன்றபின் படிப்படியாக ஏற்றி, இரண்டரை லிட்டர் பாலுக்கு 1 கிலோ என்ற கணக்குக்குக் கொண்டுவாருங்கள். கொல்லையில் இடமிருந்தால் கம்பு நேப்பியர் கரணை நடுங்கள்.

காலையில் பாலை அளக்கும்போதே, தொட்டியில் தீனி எவ்வளவு மிச்சம் என்றும் பார்த்துவிடுங்கள். பால் குறையுமுன்பே தொட்டி சொல்லிவிடும்.