வண்டியும் வழியும் – 11: போடாத ஹீட்டருக்கும் ஹோஸ் உண்டு

சென்ற வாரம் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தோம். இந்த வாரம், சாரதிகள் பலர் திரும்பியும் பார்க்காத ஹீட்டர் ஹோஸ்.

பல்லேபொல வெயிலில் வேனுக்குள் ஹீட்டர் போடுபவர் யார்? ஆனால் இங்கே ஓடும் வேன்களில் பல, ஜப்பானின் பனிக்காலத்தையும் எண்ணிச் செய்யப்பட்டவை. என்ஜினின் சுடுநீரை டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள ஹீட்டர் கோருக்குக் கொண்டுபோக ஒரு ஹோஸ், திருப்பிக் கொண்டுவர இன்னொன்று. பின்பக்கமும் ஹீட்டர் உள்ள வேன்களில் பாடிக்கு அடியாலும் குழாய் போகும். சுவிட்சைத் தொடாவிட்டாலும் பல வண்டிகளில் அந்த வழியே சுடுநீர் ஓடிக்கொண்டேயிருக்கும். பாவிக்காத சாமான்தானே என்று விட்டுவிட முடியாது.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலமெல்லாம் பழைய வண்டிகளே நம்மைச் சுமந்தன; அவற்றின் றப்பரும் சேர்ந்தே முதிர்ந்தது. ஹோஸ் பெரும்பாலும் உள்ளிருந்தே வெடிக்கத் தொடங்கும், அதுவும் கிளிப்புக்கு அருகில். வெளியே பளபளப்பாக இருக்கும்; விரலால் அமுக்கினால் சொதசொதக்கும், அல்லது விறைத்து நொறுநொறுக்கும். கிளிப்பைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு, இனிப்பான மணம் இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. முன் இருக்கையின் காலடி நனைந்தால் ஹீட்டர் கோரையும் சந்தேகியுங்கள்.

0.9 பார் அழுத்த மூடி போட்ட றேடியேட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 118 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஹோஸ் வெடித்தால் அந்த அழுத்தம் போய்விடும், தண்ணீரும் போய்விடும். மாத்தளையைத் தாண்டிப் பலகடுவ ஏற்றத்தில் இது நடந்தால் சிலிண்டர் ஹெட் வளையலாம். டெம்பரேச்சர் முள்ளையும் நம்பியிருக்க வேண்டாம்: சென்சரைத் தண்ணீர் தொடாதபோது அது குறைத்தும் காட்டும்.

மாற்றும் வேலை என்ஜின் நன்றாக ஆறிய பின்புதான். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். கூலண்டைப் பாத்திரத்தில் வடித்து மூடிவையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அது நஞ்சு. ஒட்டிப்போன பழைய ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள். ஹீட்டர் கோரின் குழாய் மெல்லியது, வளைந்தால் செலவு பல மடங்கு. ஹோஸை நீளவாக்கில் கவனமாகக் கீறி உரித்தெடுங்கள். குழாய் வாயை எமெரித் தாளால் துடையுங்கள். கடையில் பழைய துண்டைக் காட்டி அதே உள்விட்டத்தில், சூடு தாங்கும் கூலண்ட் ஹோஸாகவே வாங்குங்கள். வளைவாக வார்த்த ஹோஸ் இருந்த இடத்தில் நேர் ஹோஸை மடக்கிப் போட்டால் மடிப்பில் அடைபடும். மாட்டும்போது ஒயில் பூசாமல் தண்ணீரால் நனையுங்கள். ஒயில் றப்பரைக் கெடுக்கும். கிளிப் குழாயின் மேட்டுக்கு உட்புறம் அமர வேண்டும். ஒன்று போனால் இரண்டையும் மாற்றுங்கள். இரண்டுக்கும் ஒரே வயது.

ஹீட்டர் சுவிட்சைச் சூட்டில் வைத்துக் கூலண்டை ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். மறுநாள் ஆறிய என்ஜினில் அளவையும் கிளிப்பையும் மீண்டும் பாருங்கள்.

ஹீட்டரே வேண்டாம் என்று இரு வாயையும் அடைப்பது சில என்ஜின்களில் நீரோட்டத்தையே குழப்பும். கழற்றத்தான் வேண்டுமென்றால், போகும் வாயையும் வரும் வாயையும் நல்ல ஹோஸால் இணைக்கச் சொல்லுங்கள். ஆட்களை ஏற்றி மலையேறும் வேனுக்கு இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த வாரம்: வாட்டர் பம்ப்.