ஓதம் காத்த சுவருக்கு பெயின்ட் மருந்தாகாது

கார்த்திகை மாதத்துச் சென்னை வீடுகளில் ஒரு வாடை உண்டு. பீரோவைத் திறந்தால் நனைந்த சாக்கு மாதிரி அடிக்கும். பட்டுப்புடவை மடிப்பில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். பீரோவை நாலு விரற்கடை நகர்த்திப் பார்த்தால், பின்சுவரில் அதே நீள அகலத்துக்கு, அச்சு எடுத்ததுபோலக் கருப்பும் பச்சையுமாகப் பூசணம் பூத்திருக்கும். பெயின்டரைக் கூப்பிடுகிறோம். பொங்கலுக்குள் சுவர் பளிச்சென்றாகிறது. அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் பெயின்ட் கொப்பளித்து உதிர்கிறது.

பெயின்டைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமலே பூசியதுதான் தவறு. அது தரையிலிருந்து மேலேறும். மாடியிலிருந்தோ குழாயிலிருந்தோ கசியும். அறைக் காற்றிலிருந்தே வந்து சுவரில் படியும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்கு உதவாது.

கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. சுவரைத் துணியால் துடைத்துவிட்டு, சமையலறை அலுமினியத் தாளில் ஒரு முழத் துண்டு வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். நம்மைப் பார்த்த பக்கம் நீர் துளிர்த்திருந்தால் அது காற்றின் ஈரம். உரித்தெடுக்கும்போது சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. சில சுவர்களில் இரண்டு பக்கமும் நனையும். அங்கே இரண்டையும் சரிசெய்ய வேண்டும்.

தரையிலிருந்து ஏறும் ஓதத்தைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். செங்கல்லின் நுண்துளைகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல நிலத்து நீரை இழுக்கின்றன. பெரும்பாலும் மூன்றடி உயரத்துக்குள் ஒரு கறைக்கோடு நிற்கும். அதற்குக் கீழே உப்புப் பூத்து, பூச்சு மாவாக உதிரும். இதைத் தடுக்கத்தான் அடித்தளத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஈரத்தடுப்புப் பட்டை போடுகிறார்கள். பழைய வீடுகள் பலவற்றில் அது இல்லை. இருக்கும் வீடுகளிலும் பயனற்றுப் போகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து வீடு பள்ளத்தில் நிற்பதே காரணம். பழைய பரப்பை எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு அறிவுறுத்தினார். இது ஒவ்வொரு தெருவிலும் நடந்தாக வேண்டும். வீட்டுக்காரர் தம் பங்குக்குச் சுவரோரம் குவிந்த மண்ணை வெட்டி, பட்டைக்குக் கீழே இறக்கலாம். உள்ளே டைல்ஸ் ஒட்டி மறைத்தால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும் என்பது நம் பழைய கொத்தனார்களுக்குத் தெரிந்த விஷயம்.

கூரையிலிருந்து இறங்கும் கசிவுக்கு மொட்டை மாடியில் ஏறிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை, அதுவும் மழை விட்ட அரை மணி நேரத்துக்குள். தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் வாட்டம் சரியில்லை என்று பொருள். தட்டோட்டின் இடுக்கில் சாந்து போயிருக்கும். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில் விரிசல் விட்டிருக்கும். வடிகுழாய் வாயில் இலைச் சருகு அடைத்திருக்கும். மேலே இதைச் சரிசெய்யாமல் கீழே சீலிங்குக்குப் பூச்சு அடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்தப் பணம் வீண். மழையே இல்லாத பங்குனியிலும் சுவர் நனைந்திருந்தால் அடுத்த பக்கம் குளியலறை இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் மீட்டர் ஓடினால் எங்கோ ஒழுகுகிறது.

மூன்றாவது வழியைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம்தான். மிச்சம் எங்கே குளிர்ச்சியோ அங்கே நீராகப் படியும். குளிர்ந்த மோர்ச் செம்பு வியர்ப்பது இதனால்தான். மழைக்காலச் சென்னைக் காற்று 30 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமுமாக இருக்கும்போது, 26 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கத் தொடங்கும். ஒரு படுக்கையறையில் ஏசியை இரவு முழுவதும் 18இல் ஓடவிட்டால், அந்தச் சுவரின் மறுபக்கம், ஏசி இல்லாத அறையில், பீரோவுக்குப் பின்னால் ஈரம் படிகிறது. பூசணம் தொடங்கும் இடம் அதுதான். நட்சத்திரக் குறியீடுள்ள ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 முதல் இருக்கிறது. சுவருக்கும் அதுவே நல்லது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் விடுங்கள். வீட்டுக்குள் கொடியில் காயும் ஒரு வாளித் துணி, நன்றாகப் பிழிந்திருந்தாலும், ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரைக் காற்றில் விடுகிறது. சோறு வடிக்கும்போதும் வெந்நீரில் குளிக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

ஜன்னலைத் திறந்து வை என்பது குளிர்நாட்டாருக்கு நல்ல ஆலோசனை. மழை கொட்டும் நாளில் இங்கே திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும். வெயில் தலைகாட்டும் நண்பகலில் திறந்து மூடுங்கள். மற்ற நேரத்தில் ஏசியின் ‘டிரை’ நிலை உதவும். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது. அறைக்குள் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூசணம் வளர்வது கடினம்.

பூத்துவிட்ட பூசணத்தைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, முதலில் நனைத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்து, ஃபேன் போட்டுக் காயவிடுங்கள். பூசணம் ஊறிய ஜிப்சம் பலகையையும் பஞ்சு மெத்தையையும் காப்பாற்ற முடியாது. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிடையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

பெயின்ட் அடிக்க எது நல்ல காலம்? தீபாவளிக்கு முன் அடிப்பது நம் பழக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரமும் அதுவே. மழை முடிந்து, போகியை ஒட்டி வெள்ளையடித்த நம் முன்னோர் கணக்கு சரியானது. காரத்தன்மை மிகுந்த சுண்ணாம்பில் பூசணம் எளிதில் பிடிக்காது. நன்றாக ஊறிய ஒன்பது அங்குலச் சுவர் உள்வரை காயப் பல மாதம் ஆகும். வெள்ளம் புகுந்த வீடு என்றால் மாசி, பங்குனி வெயில் முழுவதையும் சுவருக்குக் கொடுத்துவிட்டு, அலுமினியத் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்த பிறகு பெயின்டரைக் கூப்பிடுங்கள்.

ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுக்குழல் தொல்லைகளும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் சொல்கிறது. மழைக்காலம் வந்தாலே உங்கள் குழந்தைக்கு இருமலும் வீசிங்கும் விடவில்லை என்றால், டாக்டரிடம் படுக்கையறைச் சுவரைப் பற்றியும் சொல்லுங்கள். இன்றைக்கே கட்டிலை அந்தச் சுவரைவிட்டுத் தள்ளிப் போடுங்கள்.