பனிமலையில் சிக்கினால் மீட்பு பில் யாருக்கு?

குல்மார்க், ஆல்ப்ஸ் என்று பனிச்சறுக்குக்குக் கிளம்புறீங்களா? குறியிட்ட பாதையைத் தாண்டினால் கணக்கே வேறு.

என்ன ஆபத்து?
30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில்தான் பனிச்சரிவு அதிகம். பெரும்பாலும் அதைக் கிளப்பிவிடுவதே சிக்கிக்கொள்பவரோ, கூட வந்தவரோதான்.

யார் காப்பாற்றுவார்?
புதைந்தவரை 10, 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். பிறகு மளமளவெனக் குறையும். ஹெலிகாப்டர் அதற்குள் வருவது கஷ்டம். கூட வந்த நண்பர்தான் கதி. அதனால் ஆளுக்கொரு சிக்னல் கருவி, துழாவும் கம்பி, ஷவல் கட்டாயம்.

செலவு?
பிரான்ஸ் மலைகளில், ஸ்கீ மையங்களுக்கு வெளியே, அரசு மீட்புக் குழு கட்டணம் வாங்குவதில்லை. பக்கத்து சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் செலவு பல ஆயிரம் பிராங்க். அது மீட்கப்பட்டவர் தலையில்தான். சாதாரண டிராவல் இன்சூரன்ஸ் பலவற்றில் இது அடங்காது. டிக்கெட் போடும் முன்பே பாலிசியைப் படிச்சிடுங்க.