மாமன் சீரும் மருமான் காணிக்கையும்

தாய்மாமன் சீர் வராமல் நம் வீடுகளில் சுப காரியம் நடப்பதுண்டா? காது குத்தல் முதல் கல்யாணம் வரையில் முன்னால் நிற்பவர் அவர்தாம். தகப்பனை இழந்த பிள்ளையைப் படிக்க வைத்து ஆளாக்கிய மாமன்மாரும் நம்மிடையே எத்தனையோ பேர். அப்படி வளர்ந்த மருமான் ஒருவன், தள்ளாத வயதில் இருக்கும் மாமனுக்கு 5 லக்ஷம் ரூபாய் அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். வருமான வரிச் சட்டம் என்ன சொல்கிறது?

மாமன் மருமானுக்குக் கொடுத்தால் ஒரு காசு வரி இல்லை. மருமான் மாமனுக்குக் கொடுத்தாலோ, அந்த 5 லக்ஷமும் மாமனுடைய வருமானம்!

இது வேடிக்கைப் பேச்சன்று. 1958-ம் வருஷத்தில் நம் தேசத்தில் நன்கொடை வரிச் சட்டம் பிறந்தது. அப்போது வரி செலுத்த வேண்டியவர் கொடுத்தவர். 1998 அக்டோபர் முதல் தேதியுடன் அந்த வரி ஒழிந்தது. 2004 செப்டம்பரில் சர்க்கார் வேறு வழி கண்டது, வாங்கியவரைப் பிடித்தது. உறவினரல்லாதாரிடமிருந்து ஒரு வருஷத்தில் வரும் பணம் ரூ. 50,000-ஐத் தாண்டினால், மிகுதிக்கு மட்டுமன்று, முழுத் தொகைக்கும் வரி என்பது இப்போதைய விதி. கல்யாணத்தை முன்னிட்டு மணமக்கள் பெறுவதற்கும், உயிலின் மூலம் வருவதற்கும் விலக்கு உண்டு.

உறவினர் யார் என்பதைச் சட்டம் வாங்குகிறவரை நடுவில் நிறுத்திக் கணக்கிடுகிறது. கணவன் அல்லது மனைவி, இருவருடைய உடன்பிறந்தார், வாங்குகிறவருடைய பெற்றோரின் உடன்பிறந்தார், தம்பதிகளின் நேர் முன்னோர், நேர் சந்ததியார், இவர்களுடைய துணைவர்கள் – அவ்வளவே. மருமானுக்கு மாமன் தாயின் உடன்பிறந்தவர், ஆகவே உறவினர். மாமனுக்கு மருமான் உடன்பிறந்தாளின் பிள்ளை. அந்தப் பிள்ளைக்குப் பட்டியலில் இடமில்லை. சித்தப்பா மகனும் அத்தை மகளும் அவ்வாறே வெளியே நிற்கிறார்கள்.

உறவுக்குள் கொடுத்தாலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. கணவன் தன் வீட்டை மனைவி பேருக்கு எழுதி வைத்தால் அவள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் வீட்டு வாடகை கணவன் கணக்கிலேயே சேரும். மருமகளுக்குக் கொடுத்த சொத்தின் வரும்படியும் கொடுத்தவரையே தொடரும். வயது வந்த மகனுக்கோ மகளுக்கோ கொடுத்தால் அப்படியில்லை.

கோர்ட்டுத் தீர்வுகளிலும் பணம் வரும் விதம் முக்கியம். விவாகரத்தில் மொத்தமாகக் கிடைக்கும் ஜீவனாம்சம் வருமானமன்று என்றும், மாதந்தோறும் வருவது வருமானமே என்றும் பம்பாய் உயர் நீதிமன்றம் 1980-களில் தீர்ப்பளித்தது.

நம் மருமான் என்ன செய்வது? மாமனுடைய மொத்த வருமானம் வரி எல்லையை எட்டவில்லையானால் கவலையே இல்லை. எட்டுமானால், வருஷத்துக்கு ரூ. 50,000-க்குள் அடங்கும்படி அனுப்பலாம். வேறு அந்நியரிடமிருந்து மாமனுக்கு வருவதும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை மறக்கக் கூடாது.

நன்றிக் கடனைத் தீர்க்க வேண்டாமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. “இவர் எனக்கு யார்?” என்று நெஞ்சம் கேட்கும். “இவருக்கு நான் யார்?” என்று சட்டம் கேட்கும். பணம் அனுப்புமுன் இரண்டாவது கேள்வியையும் ஒரு முறை கேட்டுக்கொள்வது நலம்.