உயிரோடு இருப்பவனுக்குக் கருமாதி

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஊரில், சாமைக் கொல்லை வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "எங்க முப்பாட்டனுங்க உசுரோட இருக்கும்போதே அவங்களுக்குக் கருமாதி பண்ணி முடிச்சிட்டாங்க தம்பி. அதான் மலை ஏறிட்டோம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னது மலையாளிப் பழங்குடியினரின் தோற்றக் கதை. வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, அங்கிருந்து எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இடம்பெற்றது. காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்கிறார்கள். வேளாளர் இகழ்ந்து மறுக்க, ஏழு பெண்களை வேடர்கள் தூக்கிப் போய்விடுகிறார்கள். மீட்டு வர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்படுகிறார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று வைத்துக்கொண்டு காரியம் செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிப் போகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். பாதி நீந்திய நாய்கள் திரும்பிவிடுகின்றன. ஆண்கள் வேடர்களைக் கொன்று ஊர் திரும்பும்போது காரியம் முடிந்திருக்கிறது, மனைவியர் விதவைகள். சடங்கு முடிந்தவனுக்கு ஊரில் இடமில்லை. வேடர் பெண்களை மணந்து ஜவ்வாது மலைக்குப் போய்விடுகிறார்கள்.

'நாங்களும் ஒரு காலத்தில் வேளாளர்தான்' என்று மேல்சாதி உரிமை கோரும் கதையாக இதை வாசிப்பது சுலபம். சமஸ்கிருதமயமாக்கம் என்று பெயர் கொடுத்து மூடிவிடலாம். ஆனால் கதைக்குள் இருக்கும் தத்துவச் சிக்கல் அப்போது கைநழுவிப் போகும். ஏழு பேரும் செய்த பாவம் என்ன? ஒன்றுமில்லை. எதிரில் வந்து நிற்கும் உடம்பைவிடச் செய்து முடித்த சடங்கு அதிக உண்மையாகிவிட்டது, அவ்வளவுதான்.

இது கதைக்காரன் கற்பனை மட்டுமல்ல. மனுஸ்மிருதியின் 11ஆம் அத்தியாயம், சாதியிலிருந்து விழுந்த 'பதித'னுக்கு, அவன் உயிரோடு இருக்கையிலேயே, செத்தவனுக்குச் செய்வதுபோல் உறவினர் நீர்க்கடன் செய்யச் சொல்கிறது. நீர்க்குடத்தை ஓர் அடிமைப் பெண் காலால் உதைத்துக் கவிழ்க்க வேண்டும். அத்தோடு பேச்சு, பந்தி, சொத்துப் பங்கு எல்லாம் அறுந்துபோகும்.

இன்னொருவனும் உயிரோடு சாகிறான். அவன் சந்நியாசி. துறவு ஏற்கும் நாளில் தனக்குத் தானே சிராத்தம் செய்துகொள்கிறான். குடுமியும் பூணூலும் போகின்றன. சொத்துரிமையும் போகிறது. இதைச் சட்டச் சாவு என்றே பழைய இந்துச் சட்டம் ஏற்றது. சடங்கு கிட்டத்தட்ட ஒன்றுதான், பலன்தான் வேறு. தனக்குத் தானே செய்துகொண்டவன் சமூகத்துக்கு மேலே போகிறான், மற்றவர் செய்துவைத்தவன் வெளியே போகிறான். ஒருவனுடைய சாவுக்கு மோட்சம் என்று பெயர், மற்றவனுடையதற்குத் தீட்டு. 'எல்லாம் பிரம்மம்' என்ற அத்வைதம் இந்த இரண்டு சாவுகளின் வித்தியாசத்தைப் பற்றி நடைமுறையில் வாய் திறந்ததில்லை.

இந்த மலையின் ஒரு பகுதி இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். 1896இல் அருணாசலத்துக்கு வந்த ரமணர் 'நான் யார்?' என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொன்னார். மலைக்காரனிடமும் அதே கேள்வி கேட்கப்படுகிறது, ஆனால் கேட்பது மனசு இல்லை, சாதிச் சான்றிதழ் விண்ணப்பம். ஜி.எஸ். குர்யே 1943இல் பழங்குடிகளைப் பின்தங்கிய இந்துக்கள் என்றார். 1950ஆம் ஆண்டுப் பழங்குடியினர் ஆணையோ பட்டியல் சாதியினருக்கு விதித்ததுபோல் மத நிபந்தனை எதையும் இவர்களுக்கு விதிக்கவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், அதன் 2(2) பிரிவின்படி, மத்திய அரசு அறிவிக்கை செய்தாலன்றி, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. கணக்கெடுப்பில் இந்து, சொத்து என்று வந்தால் வேறு.

இந்த விலக்கைச் சுயாட்சி என்று நம்மில் சிலர் கொண்டாடக்கூடும். பெரியவரிடம் கேட்டேன், "பொம்பளைப் புள்ளைங்களுக்கு நிலத்துல பங்கு உண்டா பெரியவரே?" "கட்டிக் குடுத்துட்டா அப்புறம் என்ன பங்கு?" என்றார். பக்கத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த அவர் மகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். பழங்குடிப் பெண்ணுக்குச் சமப்பங்கு கிடைக்கச் சட்டத்தைத் திருத்துவதுபற்றி யோசிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2022இல் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. கோண்டு குடும்பம் ஒன்றின் வழக்கில் 2025இல், பெண்ணை விலக்கும் வழக்கம் நிரூபிக்கப்படாதபோது பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. 'வழக்கம்' என்ற சொல் இன்னும் நடுவில் நிற்கிறது.

மறுபடி கதைக்கு வருவோம். மீட்கப் போன அந்த ஏழு பெண்கள் என்ன ஆனார்கள்? பதிவான கதை சொல்வதில்லை. தங்கள் ஆண்களைக் கொன்றவர்களையே மணந்த வேடர் பெண்கள் என்ன நினைத்தார்கள்? அதுவும் இல்லை. மலையாளிகளின் பாதி வம்சம் அந்தப் பெண்கள்தான். காஞ்சிபுரத்தை நினைவில் வைத்திருக்கும் கதை தாய்வழியை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போகிறது. சடங்கால் செத்தவர்கள், வரப்போகும் தலைமுறைகளுக்கு, தங்கள் பெண்களையும் கணக்கில் இல்லாதவர்களாக்கிவிட்டார்கள்.

மலைக்காரர்கள் இந்துவா இல்லையா என்ற விவாதத்தை இரண்டு தரப்பும் ஆண்களின் கதையை வைத்தே நடத்துகின்றன. நாம் தொடங்க வேண்டிய இடம் குனிந்துகொண்ட அந்த மகள். கருமாதி நடந்தது முப்பாட்டனுக்கு. பங்கு அறுந்தது அவளுக்கு.