அடுப்படிப் புகையை அலட்சியம் செய்யலாமா?

மலைநாட்டில் ஒருவர் இருமினால், உடனே பனியின் மீது பழியைப் போடுவது நமது வழக்கம். வெலிமடையில் பனியும் குளிரும் உண்டென்பது மெய்யே. ஆயினும், ஆண்டு முழுவதும் நம் இல்லங்களில் ஓயாது ஒலிக்கும் இருமலுக்கெல்லாம் பனியே காரணமாகுமா? வைத்திய விஞ்ஞானம் விரல் நீட்டிக் காட்டும் மற்றொரு குற்றவாளி நம் அடுப்படியிலேயே குடியிருக்கிறது. அதுதான் விறகுப் புகை.

புகையில் மிக நுண்ணிய துகள்கள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. அவற்றுள் கொடியவை 2.5 மைக்ரோமீற்றருக்கும் குறைந்த பருமனுடையவை. நமது தலைமயிர் ஒன்றின் தடிப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே அவற்றின் அளவு. பெருந்தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். இந்நுண்துகள்களோ சுவாசப்பையின் அடியாழம்வரை செல்கின்றன. சில இரத்தத்திலும் கலக்கின்றன. ஆகவேதான் நாட்பட்ட சுவாச நோய், நுரையீரற் புற்றுநோய் ஆகியவற்றோடு மாரடைப்பு, பாரிசவாதம் என்பனவற்றுக்கும் இவை ஏதுவாகின்றன. குழந்தைகளையோ நிமோனியாக் காய்ச்சலுக்கு எளிதில் இரையாக்குகின்றன.

ஒரு கனமீற்றர் காற்றில், 24 மணி நேரச் சராசரியாக, இத்துகள்கள் 15 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வரையறுத்தது. காற்றோட்டம் குன்றிய வீடுகளிலோ, ஏற்கத்தக்க அளவினும் நூறு மடங்கு வரை அவை பெருகக்கூடும் என்று அதே ஸ்தாபனம் எச்சரிக்கிறது. வீட்டுப் புகையினால் 2020இல் உலகெங்கும் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பதும், அவர்களுள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்பதும் அதன் கணிப்பு.

2022 டிசெம்பர் மாதத்தில் இலங்கையின் வானம் மங்கியது நினைவிருக்கலாம். கடல் கடந்து வந்த மாசுக் காற்றினால் அம்மாதம் 9ஆம் திகதி பாடசாலைகளுக்கு விடுமுறை அளிக்கப்பட்டது. அன்று நாமெல்லோரும் கவலையுற்றோம், அது நியாயமே. ஆனால் நாள்தோறும் அடுப்படியில் குனிந்து ஊதும் தாய்க்கும், அவள் அருகே குளிர்காயும் பிள்ளைக்கும் விடுமுறை உண்டோ?

தோட்டத்து லயன் அறைகளின் அமைப்பு இத்துன்பத்தை மிகுவிக்கிறது. ஒடுங்கிய அறை, தாழ்ந்த கூரை, குளிருக்கு அஞ்சி அடைத்த யன்னல். பல இடங்களில் புகைபோக்கியும் இல்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது எரிவாயு கிடைக்காமல், நகரத்து இல்லங்கள் பலவும் விறகுக்குத் திரும்பியதையும் நாம் கண்டோம். விறகைக் கைவிடுங்கள் என்று உபதேசிப்பது எளிது. ஏழைக் குடும்பத்துக்கு அது இயலாத காரியம். எனினும் புகையைக் குறைக்க வழியுண்டு.

நம்மைப் போன்றே குளிர் மலைவாசிகளான குவாத்தமாலா நாட்டினரிடையே நடந்த ஓர் ஆராய்ச்சி 2011இல் வெளியாயிற்று. திறந்த அடுப்புக்குப் பதிலாகப் புகைபோக்கியுள்ள அடுப்புகளைச் சில வீடுகளுக்கு வழங்கி, ஏனைய வீடுகளோடு ஒப்பிட்டனர். நிமோனியா நோயின் மொத்தத் தொகை ஐயமறக் குறைந்ததென்று கூறமுடியவில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்தான கடுமையான நிமோனியா, புகைபோக்கியுள்ள வீட்டுக் குழந்தைகளிடம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

எனவே முதல் தேவை புகைபோக்கி. அது கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கவேண்டும். சேரும் கரியை அவ்வப்போது அகற்றவேண்டும். அடுத்தது உலர்ந்த விறகு. ஈர விறகே மிகுதியாகப் புகையும். ஆதலால் சிறு துண்டுகளாகப் பிளந்து, மழைபடாது அடுக்கிப் பலவாரம் உலரவிடுதல் நன்று. பொலித்தீனையும் பிளாஸ்திக்கையும் கொண்டு தீ மூட்டுவது நஞ்சை மூட்டுவதாகும். கடலை, பயறு முதலியவற்றை முன்னிரவே ஊறவைத்து, பானையை மூடிச் சமைத்தால் அடுப்பெரியும் நேரம் குறையும். சமைக்கும் வேளையில் எதிரெதிரான கதவும் யன்னலும் திறந்திருக்கட்டும். குழந்தை வேறிடத்தில் இருக்கட்டும். குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். வாசனையுடையதாயினும் புகை புகையே. குளிருக்காகத் தணலை எடுத்துச் சென்று மூடிய அறையில் வைத்து உறங்குவது உயிருக்கே உலைவைக்கும். அதிலெழும் காபனோரொக்சைட்டு வாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை.

சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்துவதும் சாதாரணத் துணிக் கவசமும் நுண்துகளைப் போதிய அளவு தடுப்பதில்லை. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கவசமே பயன்தரும். வறட்சிக் காலத்தில் ஊவாவின் புல்மலைகள் தீப்பற்றி எரியும் நாட்களில் அது உதவும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சயரோகப் பரிசோதனையும் அவசியம். குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, கைவைத்தியம் பார்த்துக் காலம் போக்காமல் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

சமையல் பெண்களின் காரியம் என்று ஆண்கள் ஒதுங்குகிறோம். ஆனால் கூரையைத் திறந்து புகைபோக்கி வைப்பதற்கும் விறகு பிளந்து உலர்த்துவதற்கும் பெரும்பாலும் நம் கைகளே முன்வர வேண்டியுள்ளது. தோட்டங்களில் புதுவீடு அமைப்போரும் வரைபடத்திலேயே புகைபோக்கிக்கு இடம் ஒதுக்கவேண்டும். வீட்டுக்காக உழைப்பவள் அவ்வுழைப்பினாலேயே மூச்சிழந்து வாடுவது நமக்கு அழகன்று.